ஸ்பெக்டரில டானியல் கிரெய்க்குக்கு அலுத்துப் போச்சோ?

வட்டக்கச்சியான்:

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச கிளிநொச்சிப் பக்கம் ஒரு வாசிகசாலையில வாற மாதம் ஒரு பின்னேரம் ஜேம்ஸ் பொண்ட் படங்களைப் பற்றிக் கதைக்க ஒழுங்கு நடக்குது. டானியல் கிரெய்க் நடிச்ச 5 படத்தை மட்டும் எடுக்கிறம். கசினோ ரோயல் (2006) 144 நிமிசம், குவாண்டம் ஒஃப் சொலஸ் (2008) 106, ஸ்கைஃபோல் (2012) 143, ஸ்பெக்டர் (2015) 148, நோ டைம் டு டை (2021) 163. கூட்டிப் பாத்தால் 11 மணித்தியாலம் 44 நிமிசம் வருது. முழுசாப் போட ஏலாது, துண்டு துண்டாத்தான் காட்டவேணும்.

இப்ப பிரச்சினை இதுதான். ஸ்பெக்டரைப் பற்றிப் பேச்செடுத்தாலே "மனுசனுக்கு அலுத்துப் போச்சு, காசுக்கு வந்து நிண்டிட்டுப் போயிருக்கிறார்" எண்டு கனபேர் சொல்லுகினம். இன்னொரு பொண்ட் படம் நடிக்க விருப்பமில்லை எண்ட மாதிரி அவர் சொன்ன, 2015 ஒக்ரோபரில வந்த பேட்டியையும் தூக்கிக் காட்டுகினம். எனக்கும் உரோம் கார்க் காட்சி பாக்கேக்க அப்பிடித்தான் பட்டது. ஆனால் படம் பாக்கிற ஆள் அலுக்கிறதுக்கும் நடிகர் அலுக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குத்தானே. அதைச் சனத்துக்கு முன்னால எந்தக் காட்சியைப் போட்டு விளங்கப்படுத்தலாம்? படம் எடுக்கிறது, வெட்டிக் கோக்கிறது தெரிஞ்ச ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ.

பாலைப்பழம்:

பேட்டியை முதல்ல ஒதுக்கி வையுங்கோ தம்பி. ஸ்பெக்டர் படப்பிடிப்பு 2014 டிசம்பரில துவங்கி 2015 யூலையில முடிஞ்சது. மெக்சிக்கோ, உரோம், ஒஸ்ரியாப் பனிமலை, மொரோக்கோ, லண்டன் எண்டு கிட்டத்தட்ட 7 மாசம். நடுவில முழங்கால் காயம், ஏப்ரலில சத்திரசிகிச்சை. அந்தப் பேட்டி படப்பிடிப்பு முடிஞ்சு ரெண்டொரு நாளில எடுத்தது, அச்சில வந்தது ஒக்ரோபரில. அது களைப்பு. கமராவுக்கு முன்னால அந்த ஆள் என்ன செய்தார் எண்டதுக்கு அது சாட்சி ஆகாது. அதோட ஸ்பெக்டரில அவர் இணைத் தயாரிப்பாளரும். ஏனோதானோ எண்டு நிண்டிட்டுப் போற ஆளுக்கு அந்தத் தலையிடி தேவையில்லை. 2017 ஓகஸ்டில திரும்பி வாறன் எண்டு தானே அறிவிச்சதும் உங்களுக்குத் தெரியும்.

நடிகர் அலுத்திட்டாரோ எண்டு பாக்கிறதுக்கு அவர் கதைக்கிற இடத்தைப் பாக்காதேங்கோ, கேட்டுக்கொண்டு இருக்கிற இடத்தைப் பாருங்கோ. வசனம் சொல்லேக்க எந்த நடிகரும் சுதாரிச்சுக்கொள்ளுவார். மற்ற ஆள் கதைக்கேக்கதான் கண் கழண்டுபோகும். செய்து பாக்க லேசு. காட்சியை ஒருக்கா சத்தத்தோட பாருங்கோ. பிறகு சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு அவற்ற முகத்தை மட்டும் பாருங்கோ. மற்ற ஆள் முக்கியமான சொல்லைச் சொல்லுற கணத்தில கண்ணோ, தாடையோ, மூச்சோ ஏதாவது மாறுதோ? அந்த மாற்றம் தன்ர வசனம் துவங்க முந்தியே வருதோ, இல்லாட்டி தன்ர முறை வந்த பிறகுதான் உயிர் வருதோ? ரெண்டாவது எண்டால் ஆள் அங்க இல்லை.

ஸ்பெக்டரில இதுக்கு நல்ல காட்சி ஒஸ்ரியா மரவீட்டில மிஸ்டர் வைற்றைச் சந்திக்கிறது. கசினோ ரோயலில இருந்து வந்த பழைய எதிரி, தாலியம் நஞ்சு ஏறிச் சாகக் கிடக்கிறான். அந்தக் காட்சியில கிரெய்க் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவன்ர மகள் மடலினைப் பாதுகாப்பன் எண்டு வாக்குக் குடுத்து, தன்ர துவக்கையே மேசையில வைக்கிற வரைக்கும் அவற்ற கண் வைற்றை விட்டு விலகுதோ எண்டு பாருங்கோ. அலுத்துப்போன ஆளால அப்பிடி இருக்க ஏலாது. அதே படத்தில அதே ஆள்.

அப்ப ஏன் மிச்சப் படத்தில அலுப்பாத் தெரியுது? நடந்தது அடுத்த காட்சிக்குள்ள வாறேல்லை. கசினோ ரோயலில படிக்கட்டுச் சண்டை முடிய அறைக்குள்ள வந்து இரத்தத்தைக் கழுவி, கண்ணாடியைப் பாத்து, விஸ்கியை ஒரே மடக்கில குடிக்கிறார். பிறகு சூதாட்ட மேசைக்குப் போகேக்க அந்தச் சண்டை அவற்ற உடம்பில இருக்கு. சித்திரவதைக்குப் பிறகு ஆஸ்பத்திரி. ஸ்கைஃபோலில சூடு பட்டதுக்குப் பிறகு கை நடுங்குது, குறி தப்புது, சோதனையில தோற்கிறார். ஸ்பெக்டரில வில்லன் புளோஃபெல்ட் மண்டையில ஊசி இறக்கித் துளைக்கிறான். எழும்பின கையோட கிரெய்க் ஓடிக்கொண்டே ஒரு சூடும் தப்பாமல் சுடுறார். துளைச்சதைப் படமே மறந்திட்டால் நடிகர் மட்டும் எப்பிடித் தலையைப் பிடிச்சுக்கொண்டு நடிக்கிறது? நோவைக் காட்டினால் அடுத்த காட்சியோட ஒட்டாது. காட்டாட்டி நீங்கள் சலிப்பு எண்டுவியள்.

முறிகண்டிக்_கச்சான்:

அக்கா, மரவீட்டுக் காட்சியை ஒத்துக்கொள்ளுறன். உரோம் காட்சிக்கு என்ன சொல்லுறியள்?

இரவு, வெறும் தெரு, பின்னால ஜாகுவாரில வில்லனின்ர அடியாள் ஹிங்ஸ் துரத்திறான். இவர் ஒரு கையால காரை ஓட்டிக்கொண்டு தன்ர உளவு அலுவலகத்து மணிபெனிக்கு ரெலிபோன் எடுத்துத் தகவல் கேக்கிறார். அவள் வீட்டில ஆறுதலா நிண்டு பதில் சொல்லுறாள். காரில துவக்கு இருக்கு, ரவை இல்லை. பொத்தானை அமத்தினால் பாட்டு வருது. முன்னால ஒரு கிழவர் சின்ன ஃபியற்றில போறார், அவரைப் பின்னால இடிச்சுத் தள்ளிக்கொண்டு போறார். பகிடிதான், ஆனால் உயிர்ப்பயம் ஒரு துளியும் இல்லை. ஆற்றங்கரைக்கு வந்தாப்போல இருக்கையோட மேல பறந்து, பரசூட்டில தெருவில இறங்கி நடந்து போறார். உடுப்புக்கூடக் கசங்கேல்லை. இந்த முகத்தை எந்தக் கணக்கில சேர்க்கிறது? பஸ் வரும்வரைக்கும் சந்தியில நிக்கிற ஆக்களின்ர முகத்தில இதைவிட ஆவல் இருக்கும்.

மொரோக்கோ வெடிப்பும் அப்பிடித்தான். அவ்வளவு பெரிய நெருப்பு, இவர் தோட்டத்தில வெடி கேட்ட மாதிரி நிக்கிறார்.

பாலைப்பழம்:

வெடிப்பை முதல்ல பாப்பம். கின்னஸ் பதிவுப்படி 8,418 லீற்றர் மண்ணெண்ணெய், 33 கிலோ வெடிமருந்து. தொண்ணூறுகளில மண்ணெண்ணெயைப் போத்தில் கணக்கில அளந்த வன்னிக்கு அந்த இலக்கத்தை வாசிக்கவே வயிறு எரியும். அது கிடக்கட்டும். இந்த அளவு வெடிப்பை ரெண்டாந்தரம் எடுக்க ஏலாது. எல்லாக் கமராவும் ஓட, வெடி ஒழுங்குமுறையாப் போக, நடிகர்மார் குறிச்ச இடத்தில குறிச்ச செக்கனில நிக்கவேணும். அப்பிடியான ஷொட்டில எந்த இயக்குநரும் பெரிசா நடிக்கச் சொல்லமாட்டினம். ஒருத்தர் தடுமாறினால் அத்தனை லீற்றரும் வீண். அதால முகம் அடங்கித்தான் இருக்கும். வேணுமெண்டால் முகத்தைப் பிறகு கிட்டத்தில தனியா எடுத்து இடையில செருகியிருக்கலாம். ஸ்பெக்டர் அதைச் செய்யேல்லை. அது இயக்குநர் சாம் மெண்டிசின்ர தெரிவு, அதில எனக்கும் மனக்குறை இருக்கு.

உரோம் காட்சிக்கு நீங்கள் சொன்னதிலேயே பதில் கிடக்கு, தம்பி. துவக்கில ரவை இல்லை, பொத்தானில பாட்டு, முன்னால கிழவர், ரெலிபோனில மணிபெனி. எழுத்திலேயே அது பகிடிக் காட்சி. நடிகர் பயந்து நடிச்சால் பகிடி விழும், பயப்பிடாமல் நடிச்சால் துரத்தல் விழும். ரெண்டையும் ஒண்டாய்ப் போட்டு எழுதினதுதான் பிழை. அதோட கார்க் காட்சி எடுக்கிற விதத்தையும் யோசியுங்கோ. இப்பத்தையக் காலத்தில இதுக்கு எண்டு மாத்திக் கட்டின காரில சாரதி கூரைக்கு மேல ஒரு கூட்டுக்குள்ள இருந்து ஓட்டுவார், உள்ளுக்க நடிகர் வெறும் ஸ்ரேரிங்கைப் பிடிச்சுக்கொண்டு இருப்பார். ரெலிபோனில மற்றப் பக்கத்து ஆள் அந்த இடத்திலேயே இல்லை, வேற நாளில வேற நாட்டில எடுக்கிறது. மறுமொழி சொல்ல ஆளில்லாமல் வசனம் சொன்னால் எந்தக் கெட்டிக்காரனுக்கும் குரல் தட்டையாப் போகும்.

இதோட சேர்த்து நோ டைம் டு டையில வாற மற்றேரா காட்சியைப் போடுங்கோ. அதுவும் இத்தாலி, அதுவும் அஸ்டன் மார்ட்டின், அதிலயும் கிரெய்க்கின்ர முகம் அசையேல்லை. சுத்திவரச் சூடு, கண்ணாடி ஒவ்வொண்டா வெடிக்குது, பக்கத்தில மடலின் கத்துறாள், இவர் கல்லுமாதிரி இருக்கிறார். அதைப் பாத்து ஒருத்தரும் அலுத்துப்போனார் எண்டு சொல்லேல்லை. ஏனெண்டால் அதுக்கு முந்தின காட்சியில அவள் தன்னைக் காட்டிக்குடுத்திட்டாள் எண்ட சந்தேகத்தைப் படம் எங்களுக்குள்ள போட்டிட்டுது. அந்த அசையாத முகத்துக்குள்ள கோபத்தையும் ஏமாற்றத்தையும் நாங்களே நிரப்புறம். நூறு வருசத்துக்கு முந்தி ரசியாவில இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்து காட்டினது இதைத்தான். ஒரே முகத்தைச் சூப்புக் கோப்பைக்குப் பக்கத்திலயும் சவப்பெட்டிக்குப் பக்கத்திலயும் வெட்டிச் சேர்த்தார். பாத்த சனம் ஒண்டில பசியைக் கண்டுது, மற்றதில துக்கத்தைக் கண்டுது. முகம் ஒண்டுதான்.

இரணைமடு_வான்கதவு:

நடிப்பைப் பற்றி நீங்கள் ரெண்டுபேரும் கதையுங்கோ. நான் சொல்ல வந்தது வேற. சனம் எந்தக் கொப்பியைப் பாத்துப்போட்டு அலுப்பு எண்டுது? முதல்ல அதைக் கேளுங்கோ. வாசிகசாலையிலயும் அதே கொப்பியைப் போட்டால் அதே முடிவுதான் வரும்.

தமிழ் டப்பிங் எண்டால் விவாதமே தேவையில்லை. நீங்கள் கேக்கிற குரல் கிரெய்க்கின்ரது இல்லை. குரல் குடுத்தவர் எவ்வளவு திறமான ஆளா இருந்தாலும் ரெண்டு இடத்தில மாட்டுப்படுவார். முதலாவது, தமிழில வினைச்சொல் கடைசியில வருது. இங்கிலிசு வசனத்தில "செத்திட்டான்" எண்டது ரெண்டாவது சொல்லா வரும், கேக்கிற ஆளின்ர கண் அந்த இடத்தில மாறும். தமிழில அதே சொல் வசனத்தின்ர கடைசியில வருது. கண் முந்தி மாறிப்போட்டுது, சொல் பிறகு வருது. பாக்கிற எங்களுக்கு, முக்கியமான சொல்லைக் கேட்டும் முகத்தில ஒண்டும் நடக்கேல்லை எண்டு படும். அக்கா சொன்ன "கேட்டுக்கொண்டு இருக்கிற இடம்" டப்பிங்கில முதலே உடைஞ்சுபோகும். ரெண்டாவது, தமிழ்ச் சொல் நீளம். வாயசைவு முடிய முந்திச் சொல்லி முடிக்க அவசரப்படுவினம், கிரெய்க் வேணுமெண்டு விட்ட மௌனம் எல்லாம் சொல்லால அடைபட்டுப்போகும். இன்னுமொண்டு, இங்கிலிசில ஒரே "யூ". மேலதிகாரி "எம்" ஆ வாற ஜூடி டென்ச்சைப் பாத்து கிரெய்க் சொல்லேக்க அதில மரியாதையும் கிடக்கு, எகத்தாளமும் கிடக்கு. தமிழில "நீங்கள்" எண்டோ "நீ" எண்டோ ஒண்டைத் தெரிஞ்சாக வேணும். மற்றப்பாதி போச்சு.

பொண்ட் படத்தில குரல் மாத்துறது புதுசில்லை. 1962இல டொக்ரர் நோவில ஊர்சுலா ஆண்ட்ரெஸ் கதைக்கிறது நிக்கி வான் டெர் ஸில்லின்ர குரல். கோல்ட்ஃபிங்கரில வில்லன் கேர்ட் ஃபுரேபவுக்கு மைக்கல் கொலின்ஸ். 1969 படத்தில ஜோர்ஜ் லேசன்பி வேற ஆளா வேசம் போட்டுப் போற பகுதியில ஜோர்ஜ் பேக்கரின்ர குரல். அதெல்லாம் இங்கிலிசுக்கு இங்கிலிசு, அதால ஒட்டினது.

டிவிடி எண்டால் நீளத்தைப் பாருங்கோ. இஞ்ச கிடைக்கிற கன டிஸ்க் பால் (PAL) எண்ட ரீவி முறை. செக்கனுக்கு 24 படத்தை 25 ஆக்கி ஓட்டும், 4 சதவீதம் கெதி. ஸ்பெக்டர் 148 நிமிசத்துக்குப் பதிலா 142 எண்டு காட்டினால் அது இந்த வகை. குரலும் கிட்டத்தட்ட முக்கால் அரைச்சுரம் ஏறிப்போகும். கிரெய்க்கின்ர அடித்தொண்டைக் குரலுக்கு அது பெரிய சேதம்.

ரீவியில போடுறதெண்டால் படத்தை வழுக்கலாக்கிற செற்றிங்கை நிப்பாட்டுங்கோ. சாம்சங்கில ஓட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோ எண்டு இருக்கும். இல்லாத படங்களை இடையில தானே செய்து செருகிற வேலை அது. அடக்கி நடிக்கிற ஆளை ஒத்திகை பாக்கிற ஆள் மாதிரி ஆக்கிப்போடும். அடுத்தது ஜூம். ஸ்பெக்டர் அகலப் படம், மேலயும் கீழயும் கறுப்புப் பட்டி வரத்தான் வேணும். பட்டியைப் போக்கிறதுக்கு ஜூம் அமத்தினால் ரெண்டு பக்கமும் வெட்டுப்படும். ரெண்டுபேர் கதைக்கிற ஷொட்டில கேட்டுக்கொண்டு நிக்கிறவர் அரைவாசி வெளியில. 4கே எச்டிஆர் கொப்பியைப் பழைய புரொஜெக்டரில போட்டால் முகமெல்லாம் சாம்பல் நிறமாத் தெரியும், ஆளுக்கு வருத்தம் மாதிரி இருக்கும். சாதாரண 1080 கொப்பி காணும். 700 எம்பிக்கு அமத்தின கொப்பி வேண்டவே வேண்டாம், இருட்டுக் காட்சியில கண் இருக்கிற இடத்தில சதுரம் சதுரமாத்தான் தெரியும்.

சத்தம்: 5.1 ஒலியை ரெண்டு ஸ்பீக்கரில விட்டால் சிலவேளை நடுச் சனல் விழுந்துபோகும். பின்னணி இசை முழங்கும், கதை கேக்காது. பிளேயரில ஸ்டீரியோ எண்டு மாத்தி, சனம் வர முந்தி ஒரு ரகசியம் பேசிற காட்சியைப் போட்டுக் கடைசி வரிசையில இருந்து கேட்டுப் பாருங்கோ. மேல் விசிறியை அந்த நேரம் ஓடவிட்டுத்தான் கேக்கவேணும். விசிறி இரைச்சலும் கிரெய்க்கின்ர முணுமுணுப்பும் ஒண்டாய்க் கலந்துபோகும். யன்னல் வெளிச்சத்துக்கு இருட்டுப்பட முந்திப் படத்தைத் துவங்காதேங்கோ.

வட்டக்கச்சியான்:

அண்ணை, 142 நிமிசக் கதை சரி. எங்களிட்ட இருக்கிறது அந்த டிஸ்க்தான். வேற கொப்பி எடுக்கிறம்.

இன்னொரு கேள்வி. முந்தின நடிகர்மாரில ஆருக்காவது உண்மையாவே அலுத்ததோ? கொன்னரிக்கு அலுத்தது எண்டு வயசானவை சொல்லுகினம். அதை ஒப்பிட்டுக் காட்டினால் சனத்துக்கு வித்தியாசம் லேசா விளங்கும் எண்டு நினைக்கிறன்.

மாங்குளம்_சந்தி:

வயசானவை சொன்னது சரி தம்பி. 1967இல வந்த யூ ஒன்லி லிவ் ட்வைஸ். அது ஷோன் கொன்னரியின்ர 5ஆவது பொண்ட். முதல் 4 படமும் 1962இல இருந்து 1965 வரை வருசத்துக்கு ஒண்டு. ஜப்பானில படம் எடுக்கேக்க பத்திரிகைக்காரர் கழிப்பறை வரைக்கும் துரத்தினதும், படம் முடிய முந்தியே "இதுதான் கடைசி" எண்டு அவர் அறிவிச்சதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனால் அக்கா பேட்டியை ஒதுக்கச் சொன்ன மாதிரி இதையும் ஒதுக்கிவிட்டு, திரையில என்ன கிடக்கு எண்டு பாப்பம்.

கோல்ட்ஃபிங்கரில (1964) மேசையில கட்டிப்போட்டு லேசர் ஒளி கால்ப்பக்கத்தால ஏறிவருது. கை கால் அசைக்க ஏலாது, கதைச்சுத்தான் தப்பவேணும். கொன்னரி ஒவ்வொரு சொல்லையும் எறிஞ்சு பாத்து, அது பட்டுதோ எண்டு கோல்ட்ஃபிங்கரின்ர முகத்தைத் தேடுறார். "கிராண்ட் ஸ்லாம்" எண்ட வில்லனின்ர இரகசியத் திட்டத்தின்ர பேர் பட்ட உடன அதையே பிடிச்சுக்கொண்டு தொங்கிறார். வேர்வை தெரியும். மூண்டு வருசத்துக்குப் பிறகு யூ ஒன்லி லிவ் ட்வைஸில எரிமலைக்குள்ள ஏவுதளம், வில்லன் பூனையோட இருக்கிறான், உலகப்போர் துவங்கப்போகுது. கொன்னரி அந்தக் கட்டுப்பாட்டு அறையில நிக்கிறார், பாக்கிறார். அவ்வளவுதான். பாக்கிற பார்வையில தேடல் இல்லை. முந்தியும் ஒரு இடம் இருக்கு: தகவல் குடுக்கிற ஹென்டர்சன் கதைச்சுக்கொண்டு இருக்கேக்க முதுகில கத்தி ஏறி வசனம் பாதியில நிக்குது. கொன்னரிக்கு அதிர்ச்சி வர முந்தியே கால் ஓடத் துவங்கிவிடுது. கெதியா முடிச்சுப்போட்டு அடுத்த ஷொட்டுக்குப் போற அவசரம்.

அதில படத்தின்ர குற்றமும் இருக்கு. செற் வடிவமைப்பாளர் கென் அடம் போட்ட எரிமலை செற்றுக்கு மட்டும் கிட்டத்தட்ட 10 இலட்சம் டொலர். அது முதல் படம் டொக்ரர் நோவை முழுசா எடுத்த காசளவு. அவ்வளவு காசைக் கொட்டினால் கமரா செற்றைத்தான் பாக்கும், நடிகர் அளவு காட்டுறதுக்கு நட்ட கம்பம் மாதிரி நிக்கவேண்டியதுதான். எண்டாலும் கிரெய்க்குக்குக் கிடைச்ச மரவீட்டுக் காட்சி மாதிரி ஒண்டும் கொன்னரிக்கு அந்தப் படத்தில கிடைக்கேல்லை, அவரும் தேடேல்லை. 1971இல டயமண்ட்ஸ் ஆர் ஃபொரெவருக்குத் திரும்பி வந்தார். 12.5 இலட்சம் டொலர் சம்பளம், அதை ஸ்கொட்லாந்துக் கல்வி அறக்கட்டளைக்குக் குடுத்தார். அந்தப் படத்தில ஆள் கொழுத்திருக்கிறார், தலை நரைக்குது, ஆனால் அலுக்கேல்லை. அம்ஸ்ரர்டாம் லிஃப்ட் சண்டையைப் பாருங்கோ. ரெண்டு ஆள் நிக்க இடமில்லாத பெட்டிக்குள்ள முழங்கையும் கண்ணாடியும் உடைபடுது, முகத்தில கள்ளச் சிரிப்பு.

ரொஜர் மூரை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. அவற்ற இலகு அவற்ற பாணி. 1985இல எ வியூ டு எ கில் வரேக்க வயசு 57, ஓடுற பாயிற இடமெல்லாம் மாற்றாள். மாற்றாளைக் கண்டுபிடிக்க முகத்தைத் தேடாதேங்கோ, காதையும் பிடரியையும் பாருங்கோ. கதவால திரும்பிற கணத்தில ஷொட் வெட்டுப்பட்டு எட்டத்துக்குப் போனால் அங்கால நிக்கிறது வேற ஆள். அப்பிடி வெட்டி வெட்டி ஒட்டின படத்தில நடிகர் பட்டும் படாமலும் இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒக்டோபசியில (1983, எங்கட விஜய் அமிர்தராஜ் வாற படம்) கோமாளி வேசத்தோட குண்டு இருக்கு எண்டு ஜெனரலிட்டக் கெஞ்சிற இடத்தைப் பாருங்கோ. முகத்தில மாவும் சிவப்பு மூக்கும். சனம் சிரிக்குது, அவர் சிரிக்கேல்லை. 6ஆவது படத்திலயும் அவருக்கு அது முடிஞ்சிருக்கு.

வாசிகசாலையில கூத்துத் தெரிஞ்ச ஆக்கள் இருந்தால் இதை விளங்கப்படுத்திறது இன்னும் லேசு. காத்தவராயன் கூத்தில ஒரு காத்தானை ஒருத்தரே விடிய விடிய ஆடுறேல்லை. முன்காத்தான், பின்காத்தான் எண்டு பிரிச்சுக் குடுக்கிறது. பொண்டையும் 1962இல இருந்து 2021 வரைக்கும் 6 பேர் பிரிச்சு ஆடியிருக்கினம். வரவு ஆடேக்க ஆருக்கும் களைப்புத் தெரியாது, மத்தளம் தூக்கிக் குடுக்கும். மற்றவர் பாட்டெடுக்க, இவர் சும்மா நிக்கிற இடத்திலதான் காலைப் பாக்கவேணும். சாமம் தாண்டினாப் பிறகும் அந்தக் கால் தாளத்தில இருந்தால் ஆள் கூத்துக்குள்ள நிக்கிறார். அண்ணாவிமார் பாக்கிறது அதைத்தான். அக்கா சத்தத்தை நிப்பாட்டிப் பாக்கச் சொன்னதும் அதுதான்.

பாலைப்பழம்:

அண்ணை சொன்ன கூத்துக் கால் உதாரணத்தையே முன்னுரையா வையுங்கோ தம்பி, என்ர குலெஷோவைப் பிறகு சொல்லலாம்.

துண்டு போடுற ஒழுங்கு இப்பிடி இருந்தால் நல்லது. முதல்ல உரோம் கார்க் காட்சி. ஒரு விளக்கமும் சொல்லாமல் போட்டு, "அலுத்திட்டாரோ?" எண்டு கேளுங்கோ. கை உயர்த்தட்டும். உடன மற்றேரா கார்க் காட்சி, ஆனால் கார் நடுவில நிக்கிற இடத்தில இருந்து துவங்காதேங்கோ. அதுக்கு முந்தி, சந்தேகம் விதைக்கிற இடத்தில இருந்து போடாட்டி முகம் வேலை செய்யாது. வேணுமெண்டால் முதல் தரம் விதைப்பு இல்லாமலும் ரெண்டாந்தரம் விதைப்போடயும் போட்டுக் காட்டலாம், அது இன்னும் நல்லாப் பிடிக்கும். பிறகு மரவீடு, சத்தம் இல்லாமல் ஒருக்கா, சத்தத்தோட ஒருக்கா. பிறகு கொன்னரியின்ர லேசர் மேசையும் எரிமலை அறையும் அடுத்தடுத்து. ஒவ்வொண்டும் 5 நிமிசத்துக்கு மேல போகவேண்டாம். முதல் தரம் கீழ எழுத்துப் போடாதேங்கோ. எழுத்து வந்தால் எல்லாற்ற கண்ணும் திரையின்ர அடியில நிக்கும், கிரெய்க்கின்ர கண்ணை ஒருத்தரும் பாக்கமாட்டினம்.

குவாண்டம் ஒஃப் சொலசை இந்தச் சோதனைக்கு எடுக்கவேண்டாம். எழுத்தாளர் வேலைநிறுத்தத்துக்கு நடுவில எடுத்த படம், காட்சிகளைக் கிரெய்க்கும் இயக்குநர் மார்க் ஃபோஸ்டரும் இருந்து திருத்தினவை. அதோட ஷொட் எல்லாம் கண் இமைக்கிற நேரத்தில வெட்டுப்படும். முகம் மாறுதோ இல்லையோ எண்டு பாக்கிறதுக்கு அந்தப் படம் நேரமே தராது.

இரணைமடு_வான்கதவு:

துண்டுகளை வெட்டேக்க ஒவ்வொண்டுக்கும் முன்னால 2 செக்கன் கறுப்பு விடுங்கோ. இல்லாட்டி முந்தின காட்சியின்ர முகம் அடுத்ததில ஒட்டிப்போகும், அக்கா சொன்ன சூப்புக் கோப்பைக் கதை உங்கட தலையிலேயே நடக்கும். எல்லாத் துண்டின்ர சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாங்கோ. 1964 படமும் 2021 படமும் பக்கத்தில பக்கத்தில வந்தால் பழசு முணுமுணுக்கும், புதுசு கூரையைத் தூக்கும்.

முறிகண்டிக்_கச்சான்:

மற்றேரா காட்சியோட வைச்சுப் பாத்தால் உரோம் காட்சியில குற்றம் எழுதினவையிலதான் எண்டது சரி. கிரெய்க் மேல போட்ட வழக்கை வாபஸ் வாங்கிறன், மணிபெனியோட ரெலிபோனில கதைக்கிற அந்த ஒண்டரை நிமிசத்தைத் தவிர. அதில அவர் அலுத்துத்தான் போனார்.

ஆனால் மாங்குளத்து அண்ணை, லிஃப்ட் சண்டை ஒண்டை வைச்சு டயமண்ட்ஸ் படத்தைக் காப்பாத்த ஏலாது. கடைசியில எண்ணெய்க் கிணற்று மேடையில நடக்கிற சண்டையையும் சத்தமில்லாமல் போட்டுப் பாருங்கோ. அங்க கொன்னரியின்ர கால் தாளத்தில இல்லை.